படத்தில் இருந்த கை

ஏலத் தளத்திலிருந்து அகற்றல் அறிவிப்பு வந்தால், விற்பனைக்குப் போட்ட பொருள் மட்டும் போவதில்லை. அந்தப் பொருளுக்காக எடுத்த படத்தில் வேறு என்னென்ன தெரிகிறதோ அதுவும் சேர்ந்து போய்விடும். இணையத்தில் பழைய இசைத்தட்டு விற்கும் எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வதே, வீட்டுக்குள் வைத்துப் படம் எடுக்காதீர்கள் என்பதைத்தான்.

சித்தோட்டில் பழனியப்பன் என்று ஒருவர் இருக்கிறார். மாடிப்படியில் ஒரு தட்டைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். அறிவிப்பு வந்த அன்றைக்குத் தட்டும் போயிற்று, மாடிப்படியும் போயிற்று. இப்போது அவர் குடும்பம் ஏணியில்தான் ஏறி இறங்குகிறது. முட்டிவலி குறைந்திருப்பதாகப் போன மாதம் பார்த்தபோது சொன்னார். அந்தியூர் ஃபரூக் பாய் இன்னும் சாமர்த்தியசாலி. மொட்டை மாடியில் கொடிக்கயிற்றில் தட்டைத் தொங்கவிட்டு, பின்னால் வெறும் வானம் தெரியும்படி எடுத்தார். கயிறும் போயிற்று, வானத்தில் ஒரு துண்டும் போயிற்று. அந்த இடத்துக்குக் கீழே மழை விழுவதில்லை என்பதால் பாய் வீட்டு மாடியில் ஐப்பசியிலும் மிளகாய் காய்கிறது. தெருவே அங்கேதான் கொண்டுவந்து காயப்போடுகிறது.

நான் விற்பது மாதிரித் தட்டுகள். ஒரு காலத்தில் புதுப் பாட்டு வந்ததும் இசைத்தட்டு நிறுவனங்கள் மைக்செட்காரர்களுக்கும் டீக்கடைகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் ஆளுக்கொரு தட்டு சும்மாவே கொடுக்கும். நாலு இடத்தில் பாட்டு கேட்டால் நாற்பது பேர் வாங்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அந்தத் தட்டின் உறையில் ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும்: ‘மாதிரிப் பிரதி. விற்பனைக்கு அல்ல.’ விற்பனைக்கு அல்ல என்று எழுதியிருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள். ஈப்போவில் ஒருவர், பாரீஸில் ஒருவர், டொராண்டோவில் அண்ணன் தம்பி இருவர் என்று எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களில் யாரிடமும் தட்டைச் சுழலவிடும் பெட்டி கிடையாது. முத்திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் போலிருக்கிறது.

என் மனைவி சாந்தாமணி எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அவளுக்குக் கைராசி உண்டு. இதை நான் மட்டும் சொல்லவில்லை, கருங்கல்பாளையமே சொல்லும். யார் கடை திறந்தாலும் முதல் போணி அவள் கையால்தான். புதுத் தையல் மெஷினில் முதல் தையல், புது அடுப்பில் முதல் பால், நாற்றங்காலில் முதல் பிடி விதை என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து அவளைக் கூட்டிப்போவார்கள். கைராசி அவள் வலது கையில்தான் இருக்கிறது. இடது கையால் தொட்டுத் திறந்த சலூன் ஒன்று மூன்றே மாதத்தில் மூடிவிட்டது.

ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் படம் எடுத்தேன். வெள்ளைச் சுவர் முன்னால் வைப்பேன். அறிவிப்பு வந்தால் சுவரில் ஒரு முழம் போகும், போனால் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஆனால் எதுவும் விற்கவில்லை. ஐந்து மாதம் பதினாலு தட்டு அப்படியே கிடந்தது. ஒருநாள் சாந்தாமணி ஒரு தட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது நான் கிளிக் செய்துவிட்டேன். அவள் வலது கை, மணிக்கட்டு வரை, இரண்டு கண்ணாடி வளையலில் பாதியோடு படத்தில் விழுந்துவிட்டது. அந்தத் தட்டு மதியத்துக்குள் விற்றுப் போயிற்று.

அப்புறம் எல்லாப் படத்திலும் அவள் கையை வைத்துத்தான் எடுத்தேன். விதி எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷம் ஒரு அறிவிப்பும் வரவில்லை, அதனால் தைரியம் வந்துவிட்டது. நிறுவனங்கள் பெரும்பாலும் மூடிப் போய்விட்டன, யார் உட்கார்ந்து தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்காக நான் என்னை இன்றைக்கும் திட்டிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சாந்தாமணி பள்ளியில் இருந்தாள். போன் செய்தாள்.

“ஏனுங்க, கை போயிருச்சுங்க,” என்றாள்.

“எந்தக் கை?”

“வலது கைதானுங்க. சாம்பாருக்கு உப்புப் போட்டுட்டு இருந்தேன். உப்பு விழுந்துருச்சு, கையக் காணோம். உங்களுக்கு நோட்டீஸ் எதும் வந்திருக்குதான்னு பாருங்க.”

பார்த்தேன், வந்திருந்தது. கோவையில் உள்ள வெண்சங்கு இசைத்தட்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. ‘தாங்கள் விற்பனைக்கு வைத்துள்ள பொருள் எமது உடைமை. விளம்பரத்துக்காக இரவல் கொடுக்கப்பட்டது. ஆகவே படத்தில் கண்டவை யாவும் அகற்றப்பட்டன.’ வெளியே வராமலே போன ஒரு சினிமாப் படத்தின் இரண்டு பாட்டுகள் உள்ள சின்னத் தட்டு அது. கவுந்தப்பாடி மைக்செட்காரர் ஒருவரின் பரணிலிருந்து போன வாரம்தான் வாங்கிவந்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டைப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. முழுக்கைச் சட்டையின் நுனியைத் தைத்து முடித்த மாதிரி சுத்தமாக இருந்தது. வளையல் இரண்டும் பாதிப் பாதியாக அவள் கையில் நின்றன. மற்றப் பாதிகள் படத்தில் இருந்தவை, அதனால் போய்விட்டன. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கும் இடது கையால் பரிமாறி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“வலிக்குதா?” என்றேன்.

“வலியெல்லாம் இல்லீங்க. கலாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான்,” என்றாள்.

கலாமணி அவள் தங்கை. கோபியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்குப் பிள்ளைப்பேறு. அடுத்த புதன்கிழமை என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்பார்கள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் குழந்தைக்கு வரும். டாக்டர்கள் அதெல்லாம் கூடாது என்பார்கள். நர்ஸுகள் ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்ப்பார்கள். கலாமணி கல்யாணமான வருஷமே சொல்லிவிட்டாள், அக்கா கையால்தான் சேனை என்று.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சாந்தாமணி பேசுவதே கிடையாது. ஒரே ஒரு தடவை, கலாமணி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்றைக்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “என்ற குணம் ஒரு கொழந்தைக்காச்சும் போகட்டுங்க.” அதற்கு அப்புறம் அவள் வேறு எதையும் கேட்டதில்லை. அந்தக் கையைத்தான் நான் ஏலத்தில் போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

அன்றைக்கே மறுப்பு மனுவைத் திறந்து பார்த்தேன். பரிசீலிக்கப் பத்து வேலை நாள் ஆகுமாம். அதற்குள் புதன்கிழமை தாண்டிவிடும். அது போதாதென்று கடைசிக் கட்டத்தில், அகற்றப்பட்ட பொருளே கையொப்பம் இட வேண்டும் என்று இருந்தது. பழனியப்பனின் மாடிப்படி இன்னும் திரும்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை இருவரும் கோவைக்குப் பஸ் ஏறினோம்.

வெண்சங்கு நிறுவனம் ஒரு முறுக்குக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வேலை செய்வது ஒருவர்தான். பத்மநாபன் என்று பெயர். அறுபது வயது இருக்கும். சட்டைப்பையில் ஊதா மை கசிந்திருந்தது. அறை முழுக்க அகற்றப்பட்ட பொருள்கள் சீட்டுக் கட்டி ஒழுங்காக அடுக்கியிருந்தன. மேசைகள், ஒரு கட்டில், யாருடைய வீட்டு வாசல்படியோ ஒன்று. பழனியப்பனின் மாடிப்படி சுவரோரம் சாய்ந்து நின்றது. மேல் அலமாரியில் ஃபரூக் பாயின் வானத்துண்டு இருந்தது. அதிலிருந்து தூறிக்கொண்டிருந்ததால் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்.

சாந்தாமணியின் கை பத்மநாபனின் மேசை மேல் இருந்தது. அவருடைய காலைப் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்து, சட்னி சிந்தாமல் ஓரமாக வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்களுக்கு இரண்டு டம்ளரில் தண்ணீர் தள்ளி வைத்தது.

“இது வந்த பிறகுதான் எனக்கு இங்க தண்ணி குடிக்கவே ஞாபகம் வருது சார்,” என்றார் பத்மநாபன். “சொல்லாமலே எல்லாம் செய்யுது. மேசையைத் துடைக்குது. மாத்திரையை எடுத்து வைக்குது. பதினோரு வருஷமா இந்தக் கம்பெனி ஒரு தட்டுகூட விற்கலை. செவ்வாய்க்கிழமையிலேருந்து மூணு ஆர்டர்.”

“கைராசிங்க,” என்றாள் சாந்தாமணி. பெருமையாகச் சொல்லவில்லை. மருந்துக் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள்.

நான் எங்கள் வழக்கைச் சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்த தட்டு. ஒருநாளாவது திருப்பிக் கேட்டீர்களா? கேட்காததை இரவல் என்று எப்படிச் சொல்வது? பாட்டு உங்களுடையது, அதை நான் எடுத்து வேறு தட்டில் போட்டு விற்கவில்லை. கொடுத்த தட்டைத்தான் விற்றேன். கொடுத்தது கொடுத்ததுதானே?

பத்மநாபன் நியாயமான மனிதர். கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நீங்க சொல்றது சரி. ஆனா அது தாம்பூலத்தைப் பொறுத்தது,” என்றார்.

“அப்படின்னா?”

“வெற்றிலை பாக்கு வச்சுக் கொடுத்திருந்தா அது தானம். அதோட எங்க உரிமை முடிஞ்சுபோச்சு. வெற்றிலை பாக்கு இல்லாம கொடுத்திருந்தா இரவல். எப்ப வேணும்னாலும் கேட்கலாம். பதிவேட்டுல எழுதி வச்சிருப்போம், பார்த்துடலாம்.”

பெரிய பதிவேடு ஒன்றை எடுத்துப் புரட்டினார். பக்கம் ஒட்டிக்கொண்டபோதெல்லாம் கை உதவி செய்தது. கவுந்தப்பாடி மைக்செட்டின் பெயர் வந்தது. மாரியம்மன் பண்டிகையன்று தட்டு கொடுத்திருக்கிறார்கள். தாம்பூலம் என்ற கட்டத்தில் பத்மநாபன் விரலை வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“‘இல்லை. கடையடைப்பு,’” என்றார். “அன்னைக்கு ஊர்ல வெற்றிலை கிடைக்கலை போலிருக்கு. மன்னிக்கணும் அம்மா. இது இரவல்தான். கை எங்களுடையதுதான்.”

என்றைக்கோ யாரோ கடையை மூடியதற்கு என் பெண்டாட்டி கை போகிறதே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய, அவர் மேல் தப்பில்லை. பதிவேட்டின் மேலும் தப்பில்லை.

அப்போதுதான் கலாமணியின் புருஷனிடமிருந்து போன் வந்தது. விடிகாலையிலேயே வலி கண்டுவிட்டதாம். கோபி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். மதியத்துக்குள் பிறந்துவிடும் என்று நர்ஸ் சொல்கிறாளாம். “அக்காளச் சீக்கிரமா வரச் சொல்லுங்க அண்ணா. எங்கம்மா இப்பவே சர்க்கரைத் தண்ணியக் கரைச்சு வச்சுட்டு நிக்கறாங்க,” என்றான்.

அவன் அம்மா ருக்குமணியை எங்களுக்குத் தெரியும். கெட்டவள் இல்லை. ஒரு பலாப்பழத்துக்காகக் கூடப் பிறந்த அண்ணனிடம் பத்தொன்பது வருஷமாகப் பேசாமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

சாந்தாமணி அழுதாள். கை போன அன்றைக்கு அழாதவள் இப்போது சத்தமில்லாமல் அழுதாள். மேசை மேலிருந்த கை எழுந்து அவள் பக்கம் வந்தது. உடைமை விஷயம் என்பதால் பாதி வழியில் நின்றுகொண்டது. அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பத்மநாபன் எங்கள் இருவருக்கும் நேரம் கொடுத்துவிட்டு, என்ன அவசரம் என்று கேட்டார். சொன்னேன். சேனையைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குச் சேனை வைத்தது ஒரு தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தராம்.

“கையை நீங்க இரவலா எடுத்துட்டுப் போகலாம். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு,” என்றார். “கை எங்க உடைமையா இருக்கும்போது சேனை வச்சா, கம்பெனியோட குணம்தான் குழந்தைக்கு வரும்.”

“கம்பெனி குணம் எப்படிங்க?” என்றாள் சாந்தாமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். “கொடுத்ததைத் திருப்பி வாங்கும்,” என்றார். பொய் சொல்ல அவருக்கு வராது.

வானத்துண்டிலிருந்து வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. சாந்தாமணிதான் முதலில் பேசினாள்.

“சாருங்க, அன்னைக்கு வெத்தல இல்லாம குடுத்தது இரவல். செரி, ஒத்துக்கறேன். இன்னைக்கு வெத்தல வச்சுக் குடுத்தா?”

“எதை?”

“என்ற கையத்தானுங்க. நீங்க பாட்டுத் தட்டக் குடுத்த மாதிரி, வெளம்பரத்துக்கு.”

பத்மநாபன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். வருஷத்துக்கு நூறு மாதிரிகள் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டாம். கடைசியாகக் கொடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டதாம். மாதிரி என்பது தட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கம்பெனியின் கையிருப்பில் உள்ள எதுவாகவும் இருக்கலாம். இரண்டு நிபந்தனைகள்தான். ஒன்று, முத்திரை குத்த வேண்டும். இரண்டு, பத்துப் பேருக்குக் குறையாத கூட்டத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். தனியாக அறைக்குள் கொடுத்தால் அது விளம்பரம் ஆகாது.

“‘விற்பனைக்கு அல்ல’ன்னு முத்திரை விழும் அம்மா. அழியாது,” என்றார்.

“விக்கற எண்ணம் இல்லீங்க,” என்றாள் சாந்தாமணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்புறம் உங்களுக்கு அந்த மூணு ஆர்டரு?” என்று நான் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்.

“மாதிரி கொடுக்கிறதே அதுக்குத்தானே சார். ஒரு கையைப் பார்த்தவங்க இன்னொண்ணு கேட்டு வருவாங்க,” என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்திருந்தது. வெகுநாளாகச் செய்யாமல் இருந்த வேலை ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. கூட்டத்துக்கு எங்கே போவது என்பதை யாரும் கேட்கவில்லை. மகப்பேறு வார்டைவிடக் கூட்டமான இடம் எது இருக்கிறது? கையை ஒரு தட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவரும் எங்களோடு கிளம்பினார்.

அவிநாசி, நம்பியூர் வழியாகப் போகும் பஸ். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, கைக்கு டிக்கெட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பத்மநாபன் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் சாந்தாமணி உட்கார்ந்திருந்தாள். அவள் அதைத் தொடக் கூடாது. அது அவளைத் தொடலாமா என்பது பற்றி விதிப் புத்தகத்தில் தெளிவாக இல்லையாம். பெட்டியிலிருந்து கை வெளியே வந்து, காற்றில் பறந்த அவள் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிவிட்டது. பத்மநாபன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நம்பியூர் தாண்டும்போது போன் வந்தது. பெண் குழந்தை. அரை மணி நேரத்தில் நாங்கள் வந்துவிடுவோம் என்று சொன்னேன். “கொழந்தை பசிக்கு அழுகுது அண்ணா. எங்கம்மா டம்ளரோட கட்டலுக்குப் பக்கத்துல போயிட்டாங்க. கலா கொழந்தை வாயில கை வச்சு மறைச்சுட்டு இருக்கா,” என்றான். போனை வைத்துவிட்டுச் சாந்தாமணியிடம் பெண் குழந்தை என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவளே புரிந்துகொண்டாள். மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு வெற்றிலைக் கடைக்கு ஓடினேன். கடை திறந்திருந்தது. திறந்திருக்கும் ஒரு கடையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்தேன்.

கலாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ருக்குமணி டம்ளரில் விரலைத் தோய்த்தபடி நின்றிருந்தாள்.

“அக்கா வந்தாச்சு அத்தை, தள்ளிக்கங்க,” என்றாள் கலாமணி. அப்புறம் அக்காளின் கையைப் பார்த்தாள். “கை எங்கேக்கா?”

“சார் கொண்டாந்திருக்கறாரு கண்ணு. கொஞ்சம் பொறு,” என்றாள் சாந்தாமணி.

“கொழந்தை தொண்ட காஞ்சு கெடக்குது. பேசிட்டே நின்னா எப்படி?” என்றாள் ருக்குமணி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பத்மநாபன் சட்டையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தை எண்ணினார். கலாமணி, அவள் புருஷன், ருக்குமணி, நர்ஸ், நான், சாந்தாமணி, பக்கத்துக் கட்டில்காரி, அவள் அம்மா, அவள் புருஷன். ஒன்பது பேர். மற்றக் கட்டில்காரர்களை அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான். ருக்குமணியின் விரல் டம்ளரிலிருந்து வெளியே வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் விரல் நுனியில் திரண்டு நின்றது.

“குழந்தைக்குக் காது இருக்குதா சிஸ்டர்?” என்று பத்மநாபன் கேட்டார்.

நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தாள். “ரெண்டும் இருக்குதுங்க சார்.”

“அப்ப பத்து,” என்றார்.

பெட்டியைத் திறந்து கையை எடுத்து, புறங்கையில் ஊதா முத்திரையை அழுத்தமாகக் குத்தினார். நான் நீட்டிய வெற்றிலையின் மேல் அதை வைத்து, பக்கத்தில் பாக்கும் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுவனத்தின் பாடல்களைத் தங்கள் மேலான ஆதரவுக்கு முன்வைப்பதில் பெருமை கொள்கிறோம் என்று ஒப்பித்தார். பக்கத்துக் கட்டில்காரி கை தட்டினாள். அவள் அம்மாவும் தட்டினாள். சாந்தாமணி குனிந்து, இடது கையைத் தாங்கலாக நீட்டி, இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

மணிக்கட்டில் வைத்ததும் கை பொருந்திவிட்டது. வளையல்களும் பாதியோடு பாதி சேர்ந்தன. அவள் விரல்களை ஒருதடவை மடக்கி நீட்டினாள். ருக்குமணி விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, டம்ளரை நீட்டினாள். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாந்தாமணி ஒரு சொட்டை விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தபோது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வைத்திருந்ததில்லை என்று தோன்றியது. எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

குழந்தை அழுகையை நிறுத்திச் சப்புக்கொட்டியது. கண்ணைத் திறந்து கட்டிலைச் சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. அப்புறம் பத்மநாபன் பக்கம் திரும்பியது.

“கோயமுத்தூர் பஸ்ஸு மூணு மணிக்குத்தானுங்க,” என்றது. “நின்னுட்டே இருக்காம ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க.”

பத்மநாபன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ருக்குமணி அடுக்குத் தூக்கைத் திறந்து அவருக்கு ஒரு தட்டு வைத்தாள். அவர் இரண்டு கவளம் சாப்பிட்டார். பிறகு கூச்சத்தோடு, கொஞ்சம் தயிர் இருக்குமா என்று கேட்டார். ருக்குமணி தூக்கில் தேடிக்கொண்டிருந்தாள்.

“கீழ் அடுக்குலீங்க அப்பத்தா,” என்றது குழந்தை.